ஊர் கூடி எடுத்த முடிவும் நான் போட்ட வேட்புமனுவும்

2019 டிசம்பரில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நான் வேட்புமனு போட்டேன். அதற்காக ஊர் என்னைத் தள்ளி வைத்தது. இத்தனை வருடம் இதை எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் அதே ஊரில்தான் கடை வைத்துப் பிழைக்கிறேன். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அடுத்த தேர்தல் பேச்சு கிளம்பும்போதெல்லாம் எங்கள் பக்கத்து ஊர்களில் "நம்ம ஊருக்கு அன்னப்போஸ்ட்தான், செலவில்லாம முடிச்சிரலாம்" என்று, போட்டியே இல்லாமல் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடும் பேச்சும் கூடவே கிளம்புகிறது. எங்கோ ஒரு ஊரில் இன்னொருத்தி மனு போடலாமா என்று யோசித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை அவள் படாமலே தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஊர் தென்மாவட்டத்தில் வானம் பார்த்த பூமி. ஊர் பெயர் வேண்டாம். அந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டதற்குப் பிறகு நடந்த முதல் ஊரகத் தேர்தல் அது. ஒதுக்கீடு தெரிந்ததுமே ஊர்ப் பொது இடமான மந்தையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்க்கூட்டம் என்றால் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு ஆண். பெண்கள் மந்தையில் உட்கார்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. பெண்ணுக்கான பதவியை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு பெண்கூட இல்லாத கூட்டத்தில் ஏலம் விட்டார்கள். கோயில் திருப்பணிக்குப் பணம் தேவை என்பது காரணம். 12 லட்சத்தில் ஒருவர் தன் மனைவி பெயருக்கு எடுத்தார். மற்ற யாரும் மனு போடக் கூடாது, போட்டால் ஊர்க்கட்டுப்பாடு என்று நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். என் கணவர் அப்போது சவூதியில் இருந்தார். எங்கள் தலைக்கட்டுக்கு என் கொழுந்தனார் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது ஊராட்சித் தலைவருக்கு மாத மதிப்பூதியம் ஆயிரம் ரூபாய். ஐந்து வருடத்துக்குக் கூட்டினாலும் அறுபதாயிரம். 12 லட்சம் கொடுத்தவர் அதை எங்கிருந்து எடுப்பார்? மேல்நிலைத் தொட்டி மோட்டாரிலிருந்தும் தெருவிளக்கிலிருந்தும் நூறு நாள் வேலையிலிருந்தும்தான் எடுத்தாக வேண்டும். நான் மளிகைக்கடை வைத்திருப்பவள். எவர் வீட்டில் எந்த வாரம் நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறவில்லை என்பது என் கடன் நோட்டைப் பார்த்தாலே தெரியும். கோயிலுக்கு நான் எதிரி இல்லை. வருடா வருடம் தலைக்கட்டு வரி முதல் ஆளாகக் கட்டிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. என் மாமியாரிடம் மறுநாள் காலையில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ ஓட்டுதானத்தா கேக்கப் போற, அவுக சொத்தையா கேக்கப் போற, போடு" என்றார். கணவர் போனில் பயந்தார். கடைசியில் "அம்மா சரின்னா சரி" என்றார்.

மனு போடுவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊராட்சித் தலைவர் பதவிக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வைப்புத்தொகை 2019-இல் 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. இது கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்பதால் எந்தக் கட்சிக்காரரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் ஊர் உங்களை மடக்கப் பார்க்கும். ஒன்று, ஊராட்சிக்கு வரி பாக்கி இருக்கக் கூடாது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாவற்றையும் தேர்தல் பேச்சு வருவதற்கு முன்பே கட்டி ரசீதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மனு போடுவதற்கு முதல் நாள் போனால் ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்பார்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். கடைக்காரப் புத்தியில் முந்தின வருட ரசீதுகளையும் அந்த வருட ரசீதையும் நான் சேர்த்து வைத்திருந்ததால் தப்பித்தேன். இரண்டாவது, உங்களை முன்மொழிந்து கையெழுத்துப் போடும் ஆள். அவரும் அதே ஊராட்சி வாக்காளராக இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு முன்னால் அவர் வீட்டுக்குத்தான் ஆள் போகும். என் பெரியம்மா மகன் கையெழுத்துப் போட்டான். அவன் திருப்பூரில் வேலை பார்ப்பவன், ஊரில் அவனுக்கு நிலமோ கடனோ இல்லை. ஊர் கையில் சிக்காத ஆளாகப் பாருங்கள். மனு கொடுத்ததற்கும் பணம் கட்டியதற்கும் அங்கேயே நின்று ரசீது வாங்குங்கள்.

அந்தத் தேர்தலில் டிசம்பர் 16 மனு போடக் கடைசி நாள், 17 பரிசீலனை, 19 திரும்பப் பெறக் கடைசி நாள். பரிசீலனையில் என் மனு ஏற்கப்பட்ட செய்தி நான் ஊர் திரும்புவதற்கு முன்பே மந்தைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த அந்த இரண்டு நாளும்தான் என் வாழ்க்கையில் மிகக் கொடியவை. ஆளாளுக்கு வந்தார்கள். திட்ட வந்தவர்களைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அழுதுகொண்டு வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து, "ஏத்தா, ஊரே ஒண்ணு கூடி முடிவெடுத்திருக்கு. நீதான் படிச்ச புள்ளையாச்சே. நாலு பேரு சொல்றதுதானே ஜனநாயகம்? ஒத்த ஆளு அதை முறிக்கலாமா?" என்று கேட்டார். அவர் என்னை ஏமாற்றக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படி நம்பித்தான் கேட்டார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. "என்னால வாபஸ் வாங்க முடியாது சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். சோறு சாப்பிடாமல் எழுந்து போனார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மனுவைத் திரும்பப் பெற உங்கள் கையெழுத்து வேண்டும். ஆகவே அந்த நாட்களில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கோயில் நன்கொடைச் சீட்டாக இருந்தாலும், சுய உதவிக் குழு நோட்டாக இருந்தாலும், தேர்தல் முடிந்து பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் கடைசி நாள் ஊரில் இருக்காதீர்கள். நான் மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியூரில் என் தோழி வீட்டில் இருந்தேன். சாமி முன்னால் சத்தியம் வாங்குவார்கள், சூடம் அணைக்கச் சொல்வார்கள். வேட்பாளரையோ வாக்காளரையோ தெய்வக் குற்றம் வரும் என்று நம்ப வைத்து மிரட்டுவது தேர்தலில் முறையற்ற செல்வாக்கு என்று அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 171-சி பிரிவிலேயே இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 171-ஆவது பிரிவு. பணம் கொடுத்து ஒருவரைப் போட்டியிடாமல் செய்வதும் லஞ்சம்தான், அதற்கு 170-ஆவது பிரிவு. இந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாகப் பேச வேண்டாம், எண்ணைச் சொன்னாலே குரல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

19-ஆம் தேதி சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் அறிவித்தார்கள். எங்கள் வீட்டோடு யாரும் பேசக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, என் கடையில் வாங்கக் கூடாது, மீறினால் 500 ரூபாய் தெண்டம். நாங்கள் திரும்ப ஊரில் சேர வேண்டுமானால் தெண்டம் கட்டி ஊர் காலில் விழ வேண்டும். மறுநாள் காலை கடை திறந்தேன். பால் பாக்கெட்டுக்கு வரும் பிள்ளைகள்கூட வரவில்லை. வாங்கி அடுக்கிய தக்காளியும் தயிரும் வீணாயின. என் மகளோடு பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து போகும் பிள்ளைகள் நாலு அடி தள்ளி நடந்தன. குழாயடியில் மாமியார் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள், யாரும் ஒரு வார்த்தை வைவதுமில்லை. எல்லாவற்றிலும் பெரிய அடி கடன் நோட்டில் விழுந்தது. எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஊரில் நிலுவை இருந்தது. கேட்கப் போனால் பேசக் கூடாது என்று ஊர் சொல்லியிருக்கிறதே என்று கதவைச் சாத்தினார்கள். ஊர்க்கட்டுப்பாடு கடனைக் கட்டாமல் இருக்க நல்ல வசதியாகவும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சித்தப்பாவின் கேள்வி அந்த நாட்களில் என்னை விடவே இல்லை. ஊரில் எல்லாரும் சேர்ந்து ஒன்றை முடிவு செய்தால் அது ஜனநாயகம்தானே? நான் தனி ஆள்தானே? இராத்திரி படுத்தால் நான் செய்ததுதான் தப்போ என்று நெஞ்சு அடைக்கும். பிறகு பாப்பாபட்டி நினைவுக்கு வந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நாலு ஊராட்சிகளும் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. அங்கேயும் ஊர் கூடித்தான் முடிவெடுத்தது. ஒன்று மனுவே விழாது, அல்லது ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். பத்து வருடம் இப்படியே ஓடி 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் அதே ஒதுக்கீட்டில் தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையுமாக ஆறு பேரை 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றார்கள். அவர்கள் பட்டதோடு நான் பட்டதை ஒப்பிடவே கூடாது. நான் ஊரில் பெரும்பான்மைச் சாதிக்காரி, என்னை யாரும் அடிக்கக்கூட இல்லை. ஆனால் அந்த ஊர்களிலும் "ஊர் முடிவு" என்ற இதே சொல்லைத்தான் சொன்னார்கள். தலையை எண்ணிப் பார்த்தால் அங்கேயும் அவர்கள் பக்கம்தான் அதிகம். அப்படியானால் எண்ணிக்கை மட்டும் ஒரு முடிவை நியாயமாக்கிவிடாது என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

டிசம்பர் 30 வாக்குப்பதிவு. தலைவருக்கு இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனபோது கதவைத் திறந்தவர்கள் மிகக் குறைவு. திறக்காத வீடுகளின் வாசலில் துண்டறிக்கையை வைத்துவிட்டு வந்தேன். 2020 ஜனவரி 2-ஆம் தேதி ஒன்றியத்தில் எண்ணினார்கள். ஏலம் எடுத்தவரின் மனைவி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். எனக்கு 83 ஓட்டு. வைப்புத்தொகையும் போனது. எண்ணிக்கை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவர்கள் நினைத்த காரணத்துக்காக இல்லை. என் வீட்டில் ஓட்டு மூன்றோ நாலோதான். மந்தையில் ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்ட ஊரில், என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத ஊரில், எண்பது பேர் மறைப்புக்குப் பின்னால் போய் எனக்கு முத்திரை குத்தியிருக்கிறார்கள். மந்தையில் எடுத்த முடிவு ஒருமனதான முடிவே இல்லை. மறுத்துச் சொன்னால் தண்டனை என்று வைத்துவிட்டுக் கேட்டால் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்ன சரியை எண்ணி என்ன பயன்?

தேர்தல் முடிவை நான் ஏற்றுக்கொண்டேன். வழக்குப் போடு என்று சிலர் சொன்னார்கள், போடவில்லை. ஜெயித்தவருக்கு ஓட்டு அதிகம், தலைவர் நாற்காலி அவருக்குத்தான். பதவி ஏற்ற பிறகு ஊராட்சி அலுவலகத்தில் அவரைத் தலைவர் என்றே அழைத்தேன். ஆனால் என் கடையில் யார் வாங்குவது, என் மகளோடு யார் நடப்பது என்பதை அந்த ஓட்டு முடிவு செய்யவில்லை. எவ்வளவு ஓட்டு வாங்கினாலும் முடிவு செய்யவும் முடியாது. பின்னாளில் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் இதை எனக்குச் சட்டத்தின் மொழியில் விளக்கினார். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்க முடியாது என்று 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது என்றார். நாட்டையே ஆளுகிற சபைக்கே தாண்ட முடியாத கோடு இருக்கும்போது மந்தைக்கு இல்லாமல் போகுமா என்று கேட்டார். கேரளத்துப் பிள்ளைகள் மூன்று பேரின் வழக்கையும் சொன்னார். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் நம்பிக்கைப்படி பாடவில்லை. 1985-இல் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது. கண்ணுக்கே தெரியாத ஒரு சிறுபான்மைகூட அரசியலமைப்பின் கீழ் தன் அடையாளத்தோடு இருக்க முடிகிறதா என்பதே உண்மையான ஜனநாயகத்துக்குச் சோதனை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அதில் எழுதினார். சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. யார் நிர்வாகம் செய்வது, எந்தத் தெருவுக்கு முதலில் சாலை போடுவது, இதையெல்லாம் நாலு பேர் சேர்ந்து முடிவு செய்வது ஜனநாயகம். நாலு பேர் இல்லை, நாலாயிரம் பேர் சேர்ந்தாலும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாதவை சில உண்டு, அவை என் சுதந்திரம். என் வாயும் என் கடையும் என் நடமாட்டமும் ஊர்ப்பொதுச் சொத்து இல்லை. சுதந்திரம் முதலில் இருந்தால்தான் ஜனநாயகத்தில் போடுகிற ஓட்டுக்கே அர்த்தம்.

இனி காவல் நிலையக் கதை. தேர்தல் முடிந்தும் தள்ளிவைப்பு முடியவில்லை என்பதால் புகார் கொடுக்கப் போனேன். "ஊர் விஷயம்மா, பேசித் தீத்துக்கங்க" என்று அனுப்பினார்கள். திரும்பப் போனேன். உட்கார வைத்து அனுப்பினார்கள். அப்புறம்தான் ஒருவர் சொல்லித் தெரிந்தது: வாயால் சொன்னாலும் காவலர்கள் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சட்டம், ஆனால் எழுத்தில் இல்லாவிட்டால் நம் கையில் சான்று இருக்காது. எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதை வாங்க வேண்டும். தர மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்ப வேண்டும். அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் கண்காணிப்பாளருக்கு அனுப்புவது 173(4), மாஜிஸ்திரேட்டிடம் போவது 175(3). திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து எண் வாங்கி வையுங்கள். தேர்தல் நேரத்தில் கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர், ஆகவே ஏலம் நடந்த அன்றே அவருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் மனு போக வேண்டும். தேர்தல் முடிந்து போனால் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. புகார் கொடுத்தால் "ரெண்டு தரப்பும் அமைதியைக் கெடுக்கிறார்கள்" என்று உங்கள் மேலேயும் சேர்த்து அமைதி காப்பதற்கான பிணை கேட்டு எழுதிவிடுவார்கள். அப்போது அது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 126-ஆவது பிரிவு. எனக்கும் சம்மன் வந்தது. கடையைச் சாத்திவிட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. பயப்படாதீர்கள், அது குற்றத் தண்டனை இல்லை. ஆனால் நான் யாரையும் மிரட்டவில்லை, மிரட்டப்பட்டவள் நான் என்று எழுத்தில் பதில் கொடுங்கள், சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். அந்தப் பதிலோடு கோயில் குழாயில் அறிவித்த ஒலிப்பதிவையும் கொடுத்தேன். என் தோழி சொல்லித்தான் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒன்று கவனியுங்கள்: பதிவு இருக்கும் போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பல கை மாறிய பிரதி மட்டும் போதாது, மூலக் கருவியும் அந்தப் பதிவுக்கான சான்றிதழும் கேட்பார்கள்.

பணக் கணக்கைச் சொல்கிறேன். கடை வியாபாரம் படுத்ததில் ஏறக்குறைய இரண்டு லட்சம். வராத கடன் எழுபதாயிரத்தில் பாதிக்குமேல் இன்றுவரை வரவில்லை. கறவை மாடு ஒன்றை விற்றேன். மகளுக்கு என்று வைத்திருந்த நகையை அடகு வைத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய் தனி வழக்கறிஞருக்குக் கொடுத்தேன். அந்த முப்பத்தைந்தாயிரம்தான் இன்றும் வயிறெரிகிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே அந்த அலுவலகம் இருந்தது. அதன் வாசல் வழியாகத்தான் நான் தனி வழக்கறிஞரைப் பார்க்கப் போய் வந்துகொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை.

சட்டம் எவ்வளவு தூரம் கை கொடுக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பத்தை வேறு சாதியினர் ஒதுக்கி வைத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நேரடியான குற்றம். 2016 முதல் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு அதில் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தினால் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒரே சாதிக்குள் தள்ளி வைத்தால் தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அங்கே 2016-இல் நிறைவேறிய சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை குற்றமுறு மிரட்டல், மிரட்டிப் பணம் பறித்தல் என்று இருக்கிற பிரிவுகளை வைத்துத்தான் மல்லுக்கட்ட வேண்டும். காலில் விழு, தெண்டம் கட்டு என்று சொன்னதற்குச் சாட்சி இருந்தால் அதுவே வலுவான பிடி.

எங்கள் தள்ளிவைப்பை உடைத்தது முதலில் சட்டம் இல்லை, கொரோனா. 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது. டவுனுக்குப் போய் அரிசி பருப்பு வாங்க வழியில்லை. ஊரில் சரக்கு இருந்த கடை என்னுடையது. முதலில் இருட்டின பிறகு கொல்லைப்பக்கம் வந்தார்கள். நான் யாரையும் திருப்பி அனுப்பவில்லை, யாரிடமும் பழையதைக் கேட்கவுமில்லை. ரொக்கம் மட்டும் என்றேன். கொஞ்ச நாளில் பகலிலேயே வந்தார்கள். யாரிடமும் தெண்டம் வசூலிக்க ஊரால் முடியவில்லை, ஏனென்றால் வசூலிக்க வேண்டியவர் வீட்டுப் பெண்ணும் வரிசையில் நின்றார். சித்தப்பா மட்டும் வரவேயில்லை. சித்திதான் வந்து சீனி வாங்கிப் போனார்.

ஆனாலும் குழாயில் அறிவித்த முடிவு அப்படியே இருந்தது. கோயில் வரியை எங்களிடம் வாங்கவில்லை. வரி வாங்கவில்லை என்றால் நாளைக்கு வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது என்று பொருள். அதனால்தான் ஊரடங்கு தளர்ந்த பிறகு இலவச வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினேன். கோட்டாட்சியர் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. அங்கே ஊர் முக்கியஸ்தர்கள், "நாங்க யாரையும் தள்ளி வைக்கலய்யா, அவங்களா ஒதுங்கிட்டாங்க" என்றார்கள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியதும் பேச்சு நின்றது. சரி இனிமேல் செய்ய மாட்டோம், போய்ட்டு வாங்க என்று வாய்மொழியாக முடிக்கப் பார்த்தார்கள். வழக்கறிஞர் விடவில்லை. தெண்டம் கிடையாது, காலில் விழுவது கிடையாது, வரி சமமாக வாங்கப்படும், தடை நீங்கியதைத் தடை சொன்ன அதே குழாயில் சொல்ல வேண்டும் என்று நாலையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அந்தக் காகிதத்தின் சான்றிட்ட நகல் இல்லாமல் எழுந்து வராதீர்கள். ஊர்க்கூட்டத்துக்குத் தலைவர் மாறினால் வாய்ச்சொல் காற்றோடு போகும், என்னிடம் இருக்கும் நகல்தான் பிறகு ஒரு முறை கேட்டபோது கை கொடுத்தது.

உடம்பும் மனசும் பட்ட பாட்டைப் பற்றியும் கொஞ்சம். தனியாக இருக்காதீர்கள். ஊருக்கு வெளியே, ஊர் கைக்கு எட்டாத இடத்தில் நாலு பேரையாவது முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தோழி, வெளியூரில் வேலை பார்க்கும் சொந்தம், பள்ளியில் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் ஒரு ஆசிரியை, பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர். பிள்ளையிடம் நடப்பதை மறைக்காதீர்கள். என் மகளிடம் முதல் நாளே சொன்னேன், அதனால் அவள் தன் மேல் ஏதோ குற்றம் என்று நினைக்கவில்லை. மாமியார் மாதிரி வீட்டில் ஒருவர் உறுதியாக நின்றால் பாதிப் பாரம் குறையும். அப்படி யாரும் இல்லையென்றால் நன்றாக யோசித்து இறங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிராம சபையை விடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மந்தைக் கூட்டம் வேறு, கிராம சபை வேறு. கிராம சபை சட்டப்படியானது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும், பெண்களும், அதில் உறுப்பினர். குடியரசு நாள், மார்ச் 22 தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று வருடத்துக்கு ஆறு முறை கூட்ட வேண்டும். தடை நீங்கியதிலிருந்து நான் போகிறேன், வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். முதலில் நானும் மாமியாரும் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். இப்போது எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வருகிறார்கள். தீர்மானத்தில் உடன்பாடு இல்லையென்றால் உங்கள் மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், அதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் எங்கள் ஊரில் இப்படித்தான் நின்றது.

அடுத்த தேர்தலில் எங்கள் ஊராட்சி யாருக்கு ஒதுக்கப்பட்டாலும் ஏலப் பேச்சு வந்தால் முதல் மனு அன்றைக்கே கலெக்டருக்குப் போகும், மனு மாதிரியை எழுதியே வைத்திருக்கிறேன். நீங்கள் மனு போட நினைத்தால் வீட்டு வரி ரசீதை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், பெண்களுக்கு 181. முதல் முறை கூப்பிடும்போது என்ன பேசுவது என்று தெரியாது. ஊர் பெயர், தேதி, யார் என்ன சொன்னார்கள் என்று முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.